யானைக்கவுனி நமக்கெதற்கு என்பவர்களுக்கு

சென்னைக்கு ஒரு காலத்தில் மதில் இருந்தது, அதற்கு வாசல்கள் இருந்தன என்று தாம்பரம் பக்கத்தில் பேச்செடுத்துப் பாருங்கள். பதில் எழுதி வைத்தது போல ஒரே மாதிரி வரும். "அதெல்லாம் அந்தப் பக்கத்துச் சமாச்சாரம் சார்" என்பது முதல் வரி. "இப்ப அங்க என்ன இருக்கு, யானைக்கவுனினு பேரு மட்டும்தானே" என்பது இரண்டாவது. கொஞ்சம் வாசிப்பவர் என்றால் மூன்றாவதும் உண்டு: "வெள்ளைக்காரன் தன் வசதிக்குக் கட்டினான், தன் வசதிக்கு இடிச்சான். அதை நாம ஏன் தூக்கிப் பிடிக்கணும்? நம்ம வரலாறு பல்லவர் காலத்துலேர்ந்து இருக்கு." நகரத் திட்டமிடல் பேசுகிறவர் நாலாவதைச் சேர்ப்பார். மதிலை இடித்ததால்தான் நகரம் வளர்ந்தது, மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சட்டம் போட்டுச் சுற்றியிருக்கிறவர்களை வீடுகூடக் கட்ட விடாமல் செய்கிறார்கள் என்பார்.

நாலையும் சேர்த்தால் ஒரு முழு வாதம் ஆகிறது. இதில் நாலாவதில் நியாயம் இருக்கிறது. அதைத் தனியாகப் பார்ப்போம். மற்ற மூன்றும் நிற்காது. அதிலும் "அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்" என்பது உண்மைக்கு நேர் தலைகீழ். பரங்கிமலையை விட்டுவிட்டு, செங்கல்பட்டுச் சாலையை விட்டுவிட்டு அந்த மதிலின் கதையில் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. அது யாருக்குப் பயந்து எழுந்தது, யார் பணத்தில் நின்றது, யாரை வெளியே விட்டது என்று கேட்டுக்கொண்டே போனால் அதன்மேல் உரிமை கொண்டாட வேண்டியவர்கள் தெற்கே இருக்கிற நாம்தான் என்பது தெரியும்.

"ஒன்றுமில்லை" என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். யானைக்கவுனியில் வாசல் இல்லை, உண்மை. காவல் நிலையத்துக்கும் ரயில் பாதை மேல் போகிற பாலத்துக்கும் பெயராக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த வாசல் தனியாக நின்ற தோரணம் இல்லையே. ஒரு நீண்ட மதிலின் மேற்குப் பக்கத்தில் இருந்த வாசல் அது. அந்த மதிலின் வடக்குப் பக்கத்துத் துண்டு ஒன்று இன்றும் நிற்கிறது. பழைய ஜெயில் ரோட்டில், பாரதி மகளிர் கல்லூரியும் ஸ்டான்லி மருத்துவமனையும் இருக்கிற அதே சாலையில், தடித்த செங்கல் சுவராக நிற்கிறது. அடியில் வளைகூரை போட்ட அறைகள். மேலே ஆட்கள் உலாவுகிற அளவுக்கு அகலமான தளம். மாநகராட்சி அந்தத் தளத்தைப் பூங்காவாக்கியதால் வட்டாரத்து மக்கள் அதை மாடிப் பூங்கா என்பார்கள். பீரங்கியை இழுத்துக்கொண்டு போவதற்கென்று கட்டிய இடத்தில் பிற்காலத்தில் குடும்பங்கள் சாயங்காலக் காற்று வாங்கின. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் அது இருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் அங்கே போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு கல்தூண் நிற்கிறது. கோட்டைக்கு எதிரே வீடு எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கிய வெளியின் எல்லையைக் காட்ட 1773ல் நட்ட தூண்களில் மிஞ்சியது அது. ஜார்ஜ் கோட்டைக்குள் போனால் வாலாஜா வாசல் உட்படப் பழைய வாசல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. தலைமைச் செயலக ஊழியர்கள் தினமும் கோட்டை மதிலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். சென்ட்ரல் ஓரமாக வடக்கே ஓடுகிற வால்டாக்ஸ் ரோடு, மேற்கு மதிலின் தடத்தை ஒட்டியே போகிறது. அதற்கு வ.உ.சி. சாலை என்று அரசு பெயர் வைத்தும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்று சொன்னால்தான் வண்டி நகரும். மதிலைத் தூணாகவும் தெருவாகவும் செங்கல்லாகவும் இன்னும் கையில் வைத்திருக்கிற நகரம் இது.

இனி அந்த மதில் ஏன் எழுந்தது என்பதற்கு வருவோம். கோட்டைக்கு வடக்கே இருந்த ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் கறுப்பர் நகரம் என்று அழைத்தன. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749ல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவிலே கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள், பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறது என்று. ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் அதைக் கட்டிக் கொடுக்கவில்லை. மீதியையும் தாங்களே இடித்தார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடம் அந்தப் பழைய ஊர். அங்கேயிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பிறகு பூக்கடைப் பக்கம் கம்பெனி வேறு நிலம் கொடுத்து, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்னமல்லீசுவரருக்கும் சென்னகேசவருக்கும் கோயில் எழுந்தது. ஆக, புது ஊரான முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் பெருத்ததில் ஒரு பங்கு, வீட்டை இழந்து இடம் பெயர்ந்த மக்களுடையது. அவர்களுக்கு அப்போது மதில் கிடையாது.

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை வந்தபோது இந்தத் திறந்த ஊருக்குள் எதிர்ப்பே இல்லாமல் நுழைந்து கொள்ளையடித்தது. கோட்டை தாக்குப் பிடித்தது, ஊர் பிடிக்கவில்லை. அந்த முற்றுகையின்போது 1759 பிப்ரவரியில் பெரிய மோதல் நடந்த இடம் பரங்கிமலை. அதற்குப் பிறகும் மதில் பல ஆண்டு பேச்சாகவே இருந்தது. 1767ல் மைசூர்க் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனது. 1769ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தானே வந்தார். தன் பெரும்படையை வேறு பக்கம் போக்குக் காட்டிவிட்டு, குதிரைகளோடு விரைந்து வந்து பரங்கிமலை அருகே நின்றுகொண்டு கம்பெனியை உடன்படிக்கைக்கு வரச் செய்தார். ஏப்ரலில் கையெழுத்தானது. சென்னைக் கவுன்சிலுக்கு அது பெரிய அவமானம். மதில் வேலை மும்முரமானது அந்த 1769ல்தான்.

அப்படியென்றால் யானைக்கவுனி எழுந்த காரணம் எந்தத் திசையில் இருந்தது? கத்திப்பாரா மேம்பாலத்தில் தினமும் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்ற குதிரைகளைப் பார்த்துப் பயந்துதான் வடக்கே மதில் எழுந்தது. ஆனால் மதில் வளைத்தது வடக்கையும் மேற்கையும் மட்டுமே. கிழக்கே கடல். தெற்கே கட்டவில்லை, அங்கே கோட்டைப் பீரங்கிகளின் வீச்சுக்குள் வெட்டவெளியாக விட்டுவைத்தார்கள். வாசல்களின் பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். எண்ணூர் வாசல், திருவொற்றியூர் வாசல், படகுக்காரர் வாசல், ஆஸ்பத்திரி வாசல், யானை வாசல், தோல் தொழில் செய்தவர்களின் சாதிப் பெயரில் ஒரு வாசல் என்று ஆவணங்களில் வருகின்றன. போகிற ஊருக்கும் வந்து போகிற தொழிலுக்கும் பெயர் இருக்கிறது. தெற்கேயிருந்து வருகிறவனுக்கு என்று ஒன்று கிடையாது. அவன் எதிரே இருந்தது பீரங்கி வாய்.

பணத்துக்கு வருவோம். மதிலுக்கான செலவை உள்ளே குடியிருக்கிறவர்களிடம் வரியாக வாங்குவது என்று அரசு தீர்மானித்தது. வால்டாக்ஸ், அதாவது மதில் வரி என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லாரும் மக்களைக் கசக்கிப் பிழிந்து வாங்கிய வரி என்று எழுதுகிறார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. ஊரார் எதிர்த்தார்கள், அப்படி வரி போடக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது, திட்டம் கிடப்பில் போனது. பரனூர் சுங்கச்சாவடியில் முணுமுணுத்துக்கொண்டே ஃபாஸ்டாகில் பணத்தை விடுகிற நமக்கு இந்த வெற்றி ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

மதில் மட்டும் எழுந்துவிட்டது. செலவு கம்பெனியின் கஜானாவிலிருந்து போனது. அந்தக் கஜானாவுக்குள் என்னென்ன வந்தது? வியாபார லாபம், சுங்கம், அதோடு நிலவருவாய். 1763ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இன்றைய தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் அந்தச் சீமையில் அடங்கியவை. கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டுக் காசாக வாங்கிக்கொண்டது. ஆக, உள்ளே இருந்த செட்டியாரும் முதலியாரும் துபாஷும் கொடுக்க மறுத்த பணத்தை ஈடுகட்டிய கஜானாவில், வெளியே ஏர் ஓட்டியவனின் நெல்லும் இருந்தது. அவனைக் காக்க அந்த மதிலில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே போதுமான சம்பந்தம்.

ஒப்பந்ததாரர் கதை இதைவிடச் சுவாரசியம். மதில் கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டுக்குப் போனது. கம்பெனி ஊழியராக வந்து, ஒப்பந்தத்திலும் வட்டித் தொழிலிலும் கொழுத்தவர். நவாபுக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சலின் மேல் உரிமை கேட்டார். அதை ஏற்காத கவர்னர் பிகாட்டை அவருடைய கவுன்சில்காரர்களே 1776 ஆகஸ்டில் கைது செய்தார்கள். கைதான கவர்னரைக் கொண்டுபோய் வைத்த இடம், வேறெது, பரங்கிமலை. 1777ல் காவலில் இருக்கும்போதே அவர் இறந்தார். 1785ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டின் பெயரை நாறடித்தார். ஒப்பந்ததாரர், அவருக்கு வேண்டிய அதிகாரிகள், எதிர்த்தால் பதவி பறிபோகிற மேலதிகாரி என்கிற மூன்று பாத்திரங்களும் அப்போதே தயார். பாலம் கட்டி முடித்து ஒரு மழையில் பள்ளம் விழுகிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது பழைய கதையாகவா தோன்றும்? ஒப்பந்த ஊழலின் வேரைத் தேடுகிறவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு சுவர் இருக்கிறது என்றால் அதை விட்டுவிடலாமா?

மதில் வேலை செய்ததா என்றால், செய்தது. அதுதான் கசப்பு. 1780ல் ஹைதர் மறுபடியும் படையெடுத்தார். செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் கம்பெனிப் படை நாசமானது. காஞ்சிபுரத்திலிருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னை நோக்கி ஓடிவந்தார். மதிலுக்குள் இருந்தவர்கள் 1758 போலக் கொள்ளை போகவில்லை. வெளியே ஜாகீர் கிராமங்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, மக்கள் ஊரை விட்டுப் பட்டணத்துக்கு ஓடினார்கள். கூடவே பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்ற 1782ல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். அது இருந்தது மதிலின் வடக்குப் புறத்தில். அந்தச் சத்திரத்தின் வைத்தியசாலை வழியில் வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை; கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வதைக் கேட்கலாம். மாடிப் பூங்காச் சுவரும் கஞ்சித்தொட்டியும் ஒரே சாலையில் இருப்பது வெறும் தற்செயல் இல்லை. ஒன்று உள்ளே இருந்தவனைக் காத்தது, மற்றொன்று வெளியேயிருந்து வந்து சேர்ந்தவனுக்குக் கஞ்சி ஊற்றியது. 1794க்குப் பிறகு செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸின் அறிக்கைகளிலும் அந்தப் போர் விட்டுச்சென்ற பாழ் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்களின் அந்தப் பாழுக்கு இன்று கண்ணால் பார்க்க ஒரு சின்னமும் இல்லை. இருக்கிற ஒரே சாட்சி, நம்மை வெளியே விட்ட அந்தச் சுவர்தான்.

இப்போது "வெள்ளைக்காரன் கல்" என்ற வாதம். இதைச் சொல்கிறவர்களின் தமிழ்ப் பற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரலாற்றை இப்படி வகிர்ந்து வைக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் சந்தேகம். பல்லாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்துப் பெருமை. 1863 மே மாதக் கடைசியில் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய படிப்பே அதிலிருந்துதான் தொடங்கியது. எங்கே கிடைத்தது? கம்பெனி அமைத்த பல்லாவரம் தண்டில், அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிச் சரளைக்கல் தோண்டிய குழியில். தண்டு இல்லையென்றால் குழி இல்லை. குழி இல்லையென்றால் அந்தக் கல் இன்னும் மண்ணுக்குள். பல்லாவரத்திலேயே மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. அந்தப் பல்லவ மன்னனின் பட்டப்பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. ஆதிமனிதனையும் பல்லவனையும் இசுலாமிய வழிபாட்டையும் கம்பெனிச் சிப்பாயையும் ஒரே மலையடிவாரத்தில் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள், "பல்லவர் நம்முடையது, கம்பெனி அவர்களுடையது" என்று கோடு கிழிப்பது தங்கள் ஊரையே படிக்காததால் வருகிற பேச்சு.

மதிலைக் கட்டத் திட்டம் போட்டவன் ஆங்கிலேயன். செங்கல் சுட்டவன், சுண்ணாம்பு அரைத்தவன், சாந்துக்கூடை சுமந்தவள் யார்? ஒப்பந்தப் பத்திரத்தில் அவர்கள் பெயர் வராது. அவர்கள் கைவேலை மட்டும் சுவராக நிற்கிறது. அரசன் பெயர் பொறித்த கோயிலைக் கட்டிய தச்சனைக் கொண்டாடுவோம், கம்பெனி பெயர் சொல்லும் சுவரைக் கட்டிய கூலியாளை மறந்துவிடுவோம் என்பது என்ன நியாயம்? அந்தச் சுவரை அவமானச் சின்னம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவமானத்தையும் ஆதாரத்தோடு வைத்திருப்பதுதான் வரலாறு. ஆதாரத்தை இடித்துவிட்டால் நாளைக்கு வருகிறவன், கம்பெனி மதராஸை அன்போடு வளர்த்தது என்று எழுதிவிட்டுப் போவான். மறுக்க நம் கையில் ஒன்றும் இருக்காது.

இடித்ததால்தான் வளர்ந்தது என்ற வாதத்தில் பாதி சரி. 1799ல் மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மதிலுக்கு வேலை போயிற்று. 1856ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய நகரத்துக்கு வாசல்களை மூடித் திறந்துகொண்டிருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மதிலை இடித்தார்கள், வேறு வழியில்லை. உலகத்தில் பல நகரங்கள் செய்ததுதான். லண்டன் இன்னும் முந்திக்கொண்டது: ஆல்ட்கேட், லட்கேட் முதலிய தன் வாசல்களை 1760களின் தொடக்கத்திலேயே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று இடித்து விற்றுவிட்டது. அந்த ஊர் வியாபாரிகள் தம் ஊரில் வாசலை இடித்த அதே பத்தாண்டின் கடைசியில்தான் நம் ஊரில் மதில் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் லண்டன்காரர்கள் மிஞ்சிய ரோமானிய மதில் துண்டுகளை அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவிலும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் லண்டனின் வளர்ச்சி நின்றுபோனதாகத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்; அந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள். ஆனாலும் பெரியார் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கொத்தளம் நிற்கிறது. மதுரை மூச்சுத் திணறவில்லை. திருச்சியில் மெயின்கார்டு கேட் கடைத்தெருவின் வாயிலேயே நிற்கிறது. ஊரே அதைக் கடந்து துணி எடுக்கவும் மலைக்கோட்டைக்குப் போகவும் செய்கிறது. திருச்சிக்காரரிடம் அதை இடித்தால் சாலை அகலமாகுமே என்று சொல்லிப் பாருங்கள், வாயை மூடச் சொல்வார். அங்கே வாசல் மக்கள் நடையில் இருக்கிறது; சென்னையில் மதில் மக்கள் பார்வையிலேயே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மதில் முழுக்க நின்றால் நகரம் வளராது என்பதிலிருந்து, மதிலின் ஒரு துண்டு நின்றாலும் நகரம் வளராது என்பதற்குத் தாவுவது வாதம் ஆகாது.

மிச்சமிருப்பது சட்டத் தொல்லை. இங்கே எதிர்த்தரப்பு சொல்வதில் வலி இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2010ல் திருத்திய தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தாஜ்மகாலுக்கும் ஜெயில் ரோட்டுச் சுவருக்கும் ஒரே அளவுகோல். சந்துக்குள் சந்தாக இருக்கிற வடசென்னையில் 100 மீட்டர் என்பது எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள். ஜமீன் பல்லாவரத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னப் பகுதிக்காக இதே விதி பாய்ந்தபோது, வாழ்நாள் சேமிப்பில் மனை வாங்கியவர்கள் வீடு கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அலைந்ததை நம் பக்கத்தில் எல்லாரும் அறிவோம். தலைக்குமேல் கூரை போடத் தடையாக நிற்கிற ஒன்றைப் பெருமை என்று கொண்டாடச் சொன்னால் எவனுக்கும் எரிச்சல்தான் வரும்.

ஆனால் அந்த எரிச்சலுக்குச் சுவர் என்ன செய்யும்? அதே 2010 திருத்தம் ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தனி விதிகள் வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி தரவும் அதில் வழி இருக்கிறது. மாடிப் பூங்காவின் மதிப்பு தூரத்திலிருந்து பார்க்கிற அழகில் இல்லை. பக்கத்தில் மூன்று மாடி எழுந்தால் அதன் வரலாறு குறைந்துவிடாது. எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் வரை கட்டலாம், எது பழுதுபார்ப்பு, எது புதுக்கட்டடம், அனுமதி எத்தனை நாளில் வரும் என்பதைத் தமிழில் எழுதித் தெருவுக்குத் தெரியும்படி வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சோம்பேறித்தனமான நிர்வாகத்தின் பாவத்தைச் சின்னத்தின் தலையில் ஏற்றி, சின்னமே வேண்டாம் என்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

கடைசியாக, இது ஏன் இப்போது பேச வேண்டிய விஷயம். நகரம் இன்றும் வாசல் வைக்கிறது. வாசல் தெற்கே நகர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டத்திலிருந்து வருகிறவரின் பேருந்துப் பயணம் சென்ட்ரலுக்கு முப்பது கிலோமீட்டருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அங்கே இறங்கி, மூட்டையை மாற்றி, மாநகரப் பேருந்தைப் பிடித்தால் நகரம். ஆம்னி பேருந்து எதுவரை வரலாம் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தது; பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய அதே மண்ணில். முனையம் கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்து நெரிசலுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் நகரத்தின் வசதிக்காக வாசலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, வாசலுக்கு வெளியே இருக்கிறவனின் நேரமும் காசும் கணக்கில் வருகிறதா என்பது 1769ல் கேட்காமல் விட்ட கேள்வி. இன்றும் அதை யாரும் உரக்கக் கேட்பதில்லை.

குப்பையிலும் இதே கணக்குதான். பெருங்குடி சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்தது 2011ல். மாநகரக் குப்பை அதற்குப் பல ஆண்டு முன்பே பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து விழத் தொடங்கிவிட்டது. நகரத்தின் அழுக்கு முதலில் வெளியே வரும். நகரத்தின் சலுகை பிறகு வரும். 2021 நவம்பரில் தாம்பரம் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தனி மாநகராட்சியானது. இனி நாமும் எல்லை போடுகிற இடத்தில் இருக்கிறோம். வண்டலூருக்கு அப்பால் இருக்கிறவரை நாம் எப்படி நடத்தப் போகிறோம் என்பதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால், எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு அந்த மதில் இருக்கிறது.

ஆகவே கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஜெயில் ரோட்டுச் சுவரில் தண்டனைச் சட்டத்தை மட்டும் சொல்கிற அறிவிப்புப் பலகைக்குப் பதில், அது யாருக்காக எழுந்தது, வரி ஏன் வசூலாகவில்லை, கஞ்சித்தொட்டி ஏன் பக்கத்தில் வந்தது என்பதைத் தமிழில் சொல்லும் பலகை வேண்டும். வளைகூரை அறைகளில் ஒன்றையாவது சுத்தம் செய்து மக்களுக்குத் திறக்க வேண்டும். வால்டாக்ஸ் ரோட்டிலும் யானைக்கவுனியிலும் மதில் ஓடிய தடத்தை நடைபாதையில் ஒரு கோடாகப் பதிக்கலாம். அதற்கு ஒரு வீட்டையும் இடிக்க வேண்டாம். சின்னத்துக்கான தனி விதிகளை அந்தத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகள் பிள்ளைகளை வண்டலூர்ப் பூங்காவுக்கும் மாமல்லபுரத்துக்கும் அழைத்துப் போகின்றன, சந்தோஷம். வருஷத்தில் ஒரு நாள் தாம்பரத்தில் கடற்கரை ரயிலில் ஏற்றி அந்தச் சுவரடிக்கும் அழைத்துப் போகட்டும். பரங்கிமலை நிலையத்தைத் தாண்டும்போதே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் "அது அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால், அவர் பேசுவது மதிலுக்குள் இருந்தவர்களின் பேச்சு. மதிலுக்கு வெளியே நின்று கொண்டு அதைத் திருப்பிச் சொல்ல நமக்கு ஒரு காரணமும் இல்லை.